நாற்பத்தொன்றுக்கு மேல்

செல்வக்கனிக்குக் கொடுத்தது சின்ன வேலைதான். பழைய சர்வர் செய்வதையே செய்கிற புதிய சர்வர் ஒன்றை ஜாவாவில் எழுத வேண்டும். ஒரு மாதம் அவகாசம்.

தூத்துக்குடியில் அந்த வருடம் மாசி முடிவதற்குள் வெயில் நாற்பத்து நான்கைத் தொட்டிருந்தது. வெப்பப் பாதுகாப்புச் சட்டம் வந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. வெட்டவெளியில் வேலை செய்கிற எவரும் மணிக்கட்டில் பட்டை கட்டாமல் இறங்கக் கூடாது. பட்டை நிமிடத்துக்கு ஒருமுறை உடலின் உள்சூட்டையும் நாடித்துடிப்பையும் அளந்து ஒரு வரியாக அனுப்பும். மூவாயிரம் உப்பளத் தொழிலாளர்களின் வரிகள் கம்பெனியின் சர்வருக்கு வந்து சேரும். ஒருவருடைய சூடு பதினைந்து நிமிடம் தொடர்ந்து நாற்பதுக்கு மேல் இருந்தால் அந்த உப்பளத்தில் சங்கு ஊதும். எல்லாரும் நிழலுக்கு வந்துவிடலாம்.

சங்கு ஊதாவிட்டால் வரக் கூடாது. சட்டத்தில் அப்படி ஒன்றும் எழுதவில்லை, நடைமுறையில் அப்படி ஆகிப்போயிருந்தது. தலை சுற்றுகிறது என்று யாராவது சொன்னால் கங்காணி சங்குக் கம்பத்தைக் கைகாட்டுவார். அது சும்மா இருந்தால் உனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

"தண்ணிக் குழாய் மாதிரி நினைச்சுக்கோங்க," என்றார் தியோடர். கம்பெனியின் தொழில்நுட்பப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. ஐம்பது வயது இருக்கும். பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். "இந்த முனையில வரி வரியா உள்ள வருது. முதல் கட்டம், வாங்குறது. ரெண்டாவது, சுத்தம் பண்றது. மூணாவது, கணக்குப் போடுறது. நாலாவது, சங்குக்குச் சொல்றது. ஒரு கட்டம் முடிச்சுத் தர்றதை அடுத்த கட்டம் வாங்கிக்கும். இதுதான் பைப்லைன்."

"இப்ப இருக்கிறது நல்லாத்தானே சார் ஓடுது?"

"பழசாயிடுச்சு. கையேடு தர்றேன், முதல் அத்தியாயத்துலேருந்து அப்படியே பாத்து எழுதுங்க. கடைசில போன வருஷத்து வரிகளை ரெண்டு சர்வர்லயும் விட்டுப் பாப்போம். ரெண்டும் ஒத்துப்போகணும். அவ்வளவுதான்."

செல்வக்கனிக்கு முப்பத்து நான்கு வயது. பத்து வருடம் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்சியில் பில் தட்டிக்கொண்டிருந்தவள், சாயங்கால வகுப்பில் ஆறு மாதம் ஜாவா படித்துவிட்டு விண்ணப்பம் போட்டாள். அனுபவம் உள்ளவர்கள் நாலைந்து பேர் காத்திருந்த வரிசையில் தன்னை ஏன் எடுத்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. கிடைத்ததே பெரிது என்று இருந்தாள்.

முதல் நாள், வந்த வரியைத் திரும்பத் திரையில் எழுதுகிற நிரல். பத்தே வரிகள். அது ஓடியபோது அவளுக்கு உள்ளங்கை வியர்த்தது. மறுநாள் ஆயிரம் பட்டைகள் ஒரே சமயம் வந்து தட்டினாலும் திணறாத வாசல். அதற்கடுத்த நாள், ஒரு கட்டம் அவசரப்பட்டு அனுப்பினாலும் அடுத்த கட்டம் மூச்சுமுட்டாமல் வாங்கிக்கொள்ள நடுவில் ஒரு வரிசை. கையேட்டில் அடுத்து வந்தது சுத்தம் செய்யும் அத்தியாயம். அலுப்பாக இருந்தது. கணக்குப் போடுகிற கட்டம்தான் அவளை இழுத்தது. சுத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிப்போய் அதை எழுதினாள். எழுதிவிட்டுப் பொறுக்கமாட்டாமல் போன வருடத்து வரிகளை எடுத்து உள்ளே விட்டாள்.

பழைய சர்வர் போன வருடம் நானூற்றுப் பன்னிரண்டு தடவை சங்கு ஊதியிருந்தது. செல்வக்கனியின் சர்வர் நானூற்று எழுபத்தைந்து தடவை ஊதச் சொன்னது.

அறுபத்து மூன்று அதிகம்.

தப்பு தன்னுடையது என்றுதான் நினைத்தாள். இரண்டு நாள் தன் நிரலை எழுத்து எழுத்தாகத் தடவினாள். மூன்றாம் நாள் கணக்கை விட்டுவிட்டு, அந்த அறுபத்து மூன்றில் ஒன்றை எடுத்து வரிகளை வாசித்தாள்.

பதினேழாம் எண் உப்பளம். பட்டை எண் 2206. போன பங்குனி, ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்று இருபதுக்குச் சூடு நாற்பது புள்ளி ஒன்று. பதினொன்று இருபத்தாறுக்கு நாற்பது புள்ளி ஐந்து. பதினொன்று முப்பத்து மூன்றுக்கு நாற்பத்தொன்று புள்ளி ஒன்று. அதன் பிறகும் வரிகள் இருந்தன. நாற்பத்தொன்று புள்ளி நாலு, நாடி நூற்று அறுபத்தெட்டு. நாற்பத்தொன்று புள்ளி ஏழு, நாடி நூற்று எழுபத்திரண்டு. நாற்பத்திரண்டு. நிமிடத்துக்கு ஒன்றாக, விடாமல், பன்னிரண்டு ஐம்பது வரைக்கும். பன்னிரண்டு ஐம்பத்தொன்றில் நாடி பூஜ்யம்.

பழைய சர்வரின் நிரலைத் திறந்து சுத்தம் செய்யும் கட்டத்தைத் தேடினாள். ஒரே ஒரு வரி. சூடு நாற்பத்தொன்றுக்கு மேல் இருந்தால் கருவிக் கோளாறு, தள்ளிவிடு.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மெதுவாகச் சூடாகிறவர்களுக்குச் சங்கு ஊதும். வேகமாகச் சூடாகிறவர்கள் பதினைந்து நிமிடம் நிறைவதற்குள் நாற்பத்தொன்றைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டிய நொடியிலிருந்து அவர்கள் சர்வருக்கு இல்லை.

கம்பெனி அந்த நாளுக்கு எழுதிய விபத்து அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். பேச்சித்தாய், நாற்பத்தொரு வயது, உப்பு வாரும் தொழிலாளி. பதினொன்று முப்பத்து மூன்று முதல் பட்டையிலிருந்து செல்லத்தக்க தகவல் இல்லை. ஆகவே தொழிலாளி பட்டையைத் தாமே கழற்றியிருக்கிறார். மரணத்துக்கு அவரே பொறுப்பு.

அந்த வருடத்தில் இதே வாசகத்தோடு ஒன்பது அறிக்கைகள் இருந்தன.

அவள் தியோடரின் அறைக்குக் கதவைத் தட்டாமல் போனாள்.

"கழற்றி வச்ச பட்டைக்கு நாடி எங்கேருந்து சார் வரும்?"

அவர் அவள் அச்சிட்டு நீட்டிய வரிகளைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை என்பதை அவள் கவனித்தாள்.

"நீங்க இன்னும் ரெண்டாம் கட்டம் எழுதலையா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"செல்வக்கனி, கருவின்னா தப்பா அளக்கத்தான் செய்யும். வெயில்ல கெடந்தா அம்பதுகூடக் காட்டும். அதை எல்லாம் கணக்குல சேர்த்தா ஒரு நாளைக்கு நாலு தடவை சங்கு ஊதும், எவனும் வேலை செய்ய முடியாது. உலகம் பூரா இப்படித்தான் சுத்தம் பண்றாங்க. கையேட்டுல முதல் உதாரணமே அதுதான்."

"சர்வர்ல கருவிக் கோளாறுன்னு எழுதியிருக்கு. அறிக்கைல கழற்றிட்டாங்கன்னு எழுதியிருக்கு. ரெண்டுல எது சார் நிஜம்?"

"அறிக்கை எழுதறது நான் இல்ல."

"ஒம்பது பேர்."

"ரெண்டாம் கட்டத்தை எழுதுங்க," என்றார் தியோடர். "திங்கட்கிழமை நேரடியா வர்ற வரிகளை உங்க சர்வருக்கும் திருப்பி விடுறேன். சங்கு பழசுகிட்டயேதான் இருக்கும். ஒரு வாரம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பேருந்து பிடித்து அறிக்கையில் இருந்த முகவரிக்குப் போனாள். பேச்சித்தாயின் வீட்டில் அவளுடைய தங்கை முத்துப்பேச்சி இருந்தாள். அக்கா வேலை செய்த அதே உப்பளத்தில்தான் அவளும் வேலை செய்தாள். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கம்பெனியின் பெயரைக் கேட்டதும் ஈரத் துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்தாள். மணிக்கட்டில் பட்டை இல்லை, பட்டை இருந்த இடத்தில் தோல் உரிந்து ரணமாக இருந்தது.

"என்ன ஆச்சு கையில?"

"பூட்டு," என்றாள் முத்துப்பேச்சி. "எங்கக்கா கழத்திட்டால்லா? அதுக்கப்புறம் எல்லாருக்கும் பூட்டு. காலைல கங்காணி பூட்டுவாரு, சாயந்தரம் தொறப்பாரு. சாவி அவரு இடுப்புல. உப்புத்தண்ணி உள்ள போயி ஊறுது, கழத்திக் கழுவக்கூட முடியாது. எங்கக்காவால ஊர்ல உள்ள பொம்பளைக்கெல்லாம் கையில விலங்குன்னு பேசுதாவ."

"அவங்க கழற்றல," என்றாள் செல்வக்கனி.

"எனக்குத் தெரியாதா? நாந்தான் அவளத் தூக்கிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரில கை வீங்கி, டாக்டரு கத்திரி வச்சு வெட்டி எடுத்தாரு. என் கையிலதான் குடுத்தாரு. நான் சொன்னேன். கம்பெனி ஆளுகிட்ட சொன்னேன், போலீசுகிட்ட சொன்னேன். மிசினு பொய் சொல்லாதுன்னுட்டாவ." அவள் செல்வக்கனியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க என்ன வேலை பாக்குறிய அங்க?"

"அந்த மிசினுக்கு எழுதுற வேலை."

முத்துப்பேச்சி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அப்ப இங்க வந்து என் மூஞ்சியப் பாத்து வருத்தப்படாதிய. எனக்கு அது வேண்டாம். எழுதத் தெரியும்லா உங்களுக்கு? எழுதிக் குடுங்க."

செல்வக்கனி கொண்டுவந்திருந்த, அந்த வரிகள் அச்சிட்ட தாளின் பின்பக்கத்தில், கண்டதைத் தன் பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் கம்பெனி மீது, தியோடர் மீது, அலுப்பாக இருக்கிறது என்று மட்டும் நினைத்து அந்த அத்தியாயத்தைத் தாண்டிய தன் மீது அவளுக்குக் கோபம் கொதித்தது. அலுப்பு வராமல் இருந்திருந்தால் அந்த ஒரு வரியை அவளும் பார்த்து எழுதியிருப்பாள். இரண்டும் ஒத்துப்போயிருக்கும்.

திங்கட்கிழமை இரண்டு திரைகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அவள் இரண்டாம் கட்டத்தை எழுதியிருந்தாள், ஆனால் கையேட்டில் இருந்தபடி இல்லை. எந்த வரியையும் அது தள்ளவில்லை. நாற்பத்தொன்றைத் தாண்டிய வரியைச் சிவப்பில் காட்டிவிட்டு அப்படியே கணக்குக்கு அனுப்பியது.

புதன்கிழமை, காலை பத்தரை. பதினேழாம் உப்பளத்தில் பட்டை எண் 2240 சிவப்பானது. நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. பழைய திரையில் சலனமே இல்லை. செல்வக்கனி கங்காணியின் எண்ணுக்குப் போன் போட்டாள்.

"ரெண்டாயிரத்து இருநூத்து நாப்பது யாருங்க? உடனே நிழலுக்குக் கொண்டு வாங்க."

"சங்கு ஊதலியே," என்றார் கங்காணி. நாக்கு தடித்த குரல். "சர்வரு ஒண்ணும் சொல்லலம்மா. ஒண்ணும் சொல்லல."

"நான் சர்வர்லேருந்துதான் பேசுறேன். அந்தப் பட்டை யாருக்குப் பூட்டினீங்க?"

"நாப்பது... அது வந்து..." மூச்சு இரைத்தது. "அது நம்ம... பேரு வரமாட்டேங்குது. சாவி எங்கிட்டதான் இருக்கு. எல்லாம் எங்கிட்டதான்..."

அவள் பட்டைப் பட்டியலை இழுத்துப் பார்த்தாள். 2240 கங்காணியின் சொந்தப் பட்டை.

"ஐயா, பக்கத்துல யாரு இருக்கா? போனை அவங்ககிட்ட குடுங்க. ஐயா."

போன் எங்கோ விழுந்த சத்தம் கேட்டது. அதன் பிறகு காற்று மட்டும்.

தியோடரிடம் அனுமதி கேட்க அவள் எழுந்திருக்கவில்லை. சங்கு எந்த சர்வரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது ஒரு கோப்பில் ஒரு வரி. பழைய முகவரியை அழித்துத் தன் சர்வரின் முகவரியைத் தட்டினாள். அதன் கணக்கில் பதினைந்து நிமிடம் அதற்குள் நிறைந்திருந்தது. இரண்டு நொடி கழித்து, திறந்தே கிடந்த போனுக்குள் சங்கு ஊதத் தொடங்கியது. ஓடிவரும் காலடிகள், பெண்களின் குரல்கள், தண்ணீர் ஊற்றும் சத்தம். யாரோ அவர் இடுப்பிலிருந்து சாவியை எடு என்று கத்தினார்கள்.

கங்காணி பிழைத்துக்கொண்டார். மறுநாள் செல்வக்கனியை வேலையை விட்டு நீக்கினார்கள். அனுமதியில்லாமல் பாதுகாப்புக் கருவியில் கைவைத்தது குற்றம் என்று கடிதத்தில் இருந்தது. அன்று மதியமே சங்கு பழைய சர்வருக்குத் திரும்பியது.

கடிதத்தைக் கொடுத்த தியோடர், கையெழுத்து வாங்கிய பிறகும் அவளைப் போகச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்களை ஏன் எடுத்தோம்னு கேக்கவே இல்லையே நீங்க."

"ஏன்?"

"செத்தவங்க குடும்பங்க மனு போட்டு விசாரணைக்கு ஆர்டர் வாங்கிட்டாங்க. அடுத்த மாசம் ஆரம்பம். சுத்தம் பண்ற முறை சரிதானான்னுதான் கேள்வியே. சம்பந்தமே இல்லாத இன்னொருத்தர் தனியா ஒரு சர்வர் எழுதி, அதுவும் இதே விடையைச் சொன்னா, முறையில தப்பு இல்லன்னு ஆயிடும். அனுபவம் உள்ளவங்க கேள்வி கேப்பாங்க. புதுசா ஆரம்பிக்கிறவங்க கையேட்டைப் பாத்து அப்படியே எழுதுவாங்க."

செல்வக்கனி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "செத்தவங்களுக்கு எதிரா சாட்சி சொல்ல என்னை வேலைக்கு எடுத்தீங்க."

"கம்பெனிக்கு அது சாட்சி." தியோடர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "எனக்கு வேற. அந்த ஒரு வரியை எழுதினது நான்தான். நாலு வருஷத்துக்கு முந்தி, நானும் முதல் அத்தியாயத்துலேருந்துதான் ஆரம்பிச்சேன். என் இடத்துல யாரு இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பாங்கன்னு எனக்கு ஒருத்தராவது காட்டணும்னு இருந்துச்சு."

"அதை எழுதினது உங்க தப்பு இல்ல சார்," என்றாள் அவள். "ஒம்பது பேரு செத்த பிறகும் தள்ளின வரிகளைத் தொறந்து பாக்கலையே, அது தப்பு. தெரிஞ்சே என்னை அதுக்குள்ள இழுத்தீங்களே, அது அதைவிடத் தப்பு." கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியேறினாள்.

விசாரணை வைகாசியில் வந்தது. தொழிலாளர் துறைக் கட்டடத்தில் ஒரு நீளமான அறை. முத்துப்பேச்சியும் மற்ற குடும்பங்களும் ஒரு பக்கத்துப் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கங்காணியைக் கூப்பிட்டார்கள். இளைத்துப் போயிருந்தார். அன்றைக்குத் தனக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் தடுக்கித்தான் விழுந்தேன், பட்டை தப்பாகக் காட்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தார். இன்னமும் அவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. செல்வக்கனிக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. அவள் சொன்ன சாட்சியத்தைக் கம்பெனியின் வக்கீல், வேலையை விட்டு நீக்கப்பட்டவரின் காழ்ப்பு என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கினார்.

"சுதந்திரமான இன்னொரு சர்வர் எழுதப்பட்டிருக்கிறது ஐயா," என்றார் வக்கீல். "எழுதியவர் வந்திருக்கிறார். பழைய சர்வரோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. உணவு இடைவேளைக்குப் பிறகு அழைக்கிறோம்."

எழுதியவள் தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கலாம். புதுச் சேலை, மடியில் கம்பெனியின் கோப்பு. பெயர் வியாகுலமேரி என்று கோப்பின் மேல் ஒட்டியிருந்தது. செல்வக்கனி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இந்தப் பெண்ணிடமும் கோபப்படலாம் என்றுதான் வந்தாள். ஆனால் அவளுடைய கை அந்தக் கோப்பை முதல் பிள்ளையைப் பிடித்திருப்பது போலப் பிடித்திருந்தது. முதல் பத்து வரி ஓடியபோது அவளுக்கும் உள்ளங்கை வியர்த்திருக்கும்.

"எவ்வளவு நாள் ஆச்சு எழுத?"

"அஞ்சே நாள்க்கா. கையேடு நல்லாருந்துச்சு."

"தள்ளுன வரிங்களைப் பாத்தியா?"

"தள்ளுனதை எதுக்குப் பாக்கணும்?"

செல்வக்கனி பையிலிருந்து, 2206-இன் வரிகளை அச்சிட்ட இன்னொரு தாளை எடுத்து அவள் மடியில் கோப்பின் மேல் வைத்தாள். ஒன்றும் விளக்கவில்லை. பெண் படித்தாள். பதினொன்று முப்பத்து மூன்றில் ஒருமுறை நின்றாள். அதற்குப் பிறகு விரலை வைத்து ஒவ்வொரு நாடி எண்ணாகக் கீழே இறங்கினாள். பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

"இந்த இருபத்திரண்டு பூஜ்யம் ஆறு... யாருக்கா?"

தாழ்வாரத்தின் எதிர்ப் பக்கத்தில் முத்துப்பேச்சி ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அவங்க அக்கா," என்றாள் செல்வக்கனி, அவளைக் காட்டி.

உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். வியாகுலமேரி எழுந்து போனாள். வக்கீல் சிரித்த முகத்தோடு கோப்புக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"ஐயா, எனக்கு ரெண்டு நாள் வேணும்," என்று விசாரணை அதிகாரியிடம் சொன்னாள். "நான் பாக்காம விட்டது கொஞ்சம் இருக்கு."

வக்கீல் அவசரமாக ஏதோ சொன்னார். அதிகாரி அவரைக் கையமர்த்திவிட்டு, வெள்ளிக்கிழமை என்று எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் கொண்டுவந்த கணக்கிலும் அறுபத்து மூன்று இருந்தது. கம்பெனி அவளையும் நீக்கியது. ஆனி மாதக் கடைசியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது அறிக்கைகளும் ரத்து. எந்த வரியையும் யாரும் பார்க்காமல் தள்ளக் கூடாது. பட்டைக்குப் பூட்டுப் போடக் கூடாது. தியோடர் ராஜினாமா செய்துவிட்டதாகச் சொன்னார்கள். அவருக்கும் கம்பெனிக்கும் என்ன தண்டனை என்பது வேறு வழக்காகப் போனது, இன்னும் நடக்கிறது.

தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு செல்வக்கனி முத்துப்பேச்சியின் வீட்டுக்குப் போனாள். உப்பளத்தில் சங்கு ஊதியிருந்ததால் அவள் பகலிலேயே வீட்டுக்கு வந்திருந்தாள். நாற்பது பக்கத்தையும் வாசிக்க வேண்டாம், அக்காவைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வாசியுங்கள் என்றாள்.

"சம்பவ நேரத்தில் பேச்சித்தாய் பட்டை அணிந்திருந்தார் என்று, தனித்தனியே எழுதப்பட்ட இரண்டு சர்வர்களின் மூலம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது," என்று செல்வக்கனி வாசித்தாள்.

முத்துப்பேச்சி இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு தாளை வாங்கி நாலாக மடித்தாள்.

"இதத்தான நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள். "எவன் கேட்டான்?"